திறக்காத நோன்பு

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று சிவராத்திரி. மெஸ்ஸில் "விரதம்" என்றேன். சரசக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். "சாமி புள்ள" என்றார் பின்னால் நின்றவளிடம்.

பசிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள், ஆயிரம் கேள்வி வரும். வயிறு சரியில்லையா, வீட்டில் சண்டையா, யாரிடமாவது மனதைக் கொடுத்துவிட்டாயா. விரதம் என்றால் ஒரு கேள்வி கிடையாது, மரியாதை மட்டும்தான். வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று தினசரி காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதையெல்லாம் இந்த விடுதியில் ஒழுங்காகப் படிக்கிறவள் நான் ஒருத்திதான். எங்கள் மாடியில் எனக்குக் குட்டிச் சாமியார் என்று பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் இவ்வளவு பக்தி கிடையாது. அம்மாவுக்கு ஆச்சரியம், கொஞ்சம் பெருமை.

அறைத்தோழி ஜுலைகாவுக்கு மட்டும் இதில் மரியாதை இல்லை. "ஒங்க சாமிக்கெல்லாம் ஒம்மேல அப்படி என்னட்டி கோவம்?" என்று கேட்டுவிட்டு, என் பங்குச் சப்பாத்தியையும் சேர்த்துச் சாப்பிட்டாள். மேலப்பாளையத்துக்காரி, கணிதம் படிக்கிறாள். அவள் அழுதால் மாடி முழுக்கக் கேட்கும், சிரித்தால் கீழ்மாடிக்கும் கேட்கும்.

பிப்ரவரி 16, திங்கள்

கனவு. விடுதி வாசலிலிருந்து மலையடிவாரம் வரை வாழையிலை விரித்திருக்கிறது. நான் பரிமாறிக்கொண்டே போகிறேன். பருப்பு, நெய், அப்பளம். இலைகளுக்கு முன்னால் யாருமில்லை, மூடுபனி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் "போதும்மா, போதும்" என்கிறது. விழித்தபோது என் கையில் நெய் வாசனை அடித்த மாதிரி இருந்தது. வெகுநேரம் முகர்ந்துகொண்டே படுத்திருந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

சாயங்காலம் மொட்டைமாடியில் ஜுலைகா பிறை தேடினாள். மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் அவள் வாப்பா போன் செய்து, பிறை தெரிந்துவிட்டது, நாளை நோன்பு என்றார். அவள் போனை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டை விட்டு வந்து வைக்கிற முதல் நோன்பாம். விடியலுக்கு முன்னால் எழுப்ப உம்மா இல்லை, சாயங்காலம் சாப்பிட்டு நோன்பு திறக்கும்போது சுற்றி உட்கார ஆளில்லை.

"நானும் உன்கூட வெக்கறேன்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்தது. ஒரு மாதம் முழுக்க, பகல் முழுக்க, யாரும் கேட்காத விரதம்! காலண்டர்கூடத் தேவையில்லை. ஜுலைகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உடனே கையை எடுத்துவிட்டு, "என்னட்டி, கட்டிப் புடிச்சா குத்துது" என்றாள். ஸ்வெட்டரின் பொத்தான் என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

சஹர் என்பது விடியலுக்கு முன் சாப்பிடுவது. அவள் வாழைப்பழமும் நேற்றைய சோற்றில் தயிரும். நான் தண்ணீர். "எனக்குப் பழக்கம்தானே" என்றேன். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினாள்.

சாயங்காலம் கடைவீதிப் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்காகக் காத்திருந்தோம். பாங்கு சொன்னதும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம். முதலில் இனிப்பு, பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி என்று கணக்கு வாத்தியார் மாதிரி வரிசை சொல்லிக்கொடுத்தாள். அவள் கண்ணை மூடி, நோன்பு திறக்கும் வேண்டுதலான துஆவை ஓதிய நேரத்தில் நானும் திறந்தேன். கஞ்சிக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் மலை இருக்கும் இடத்தில் மலை இருப்பதில்லை, வெள்ளையாக ஒரு மௌனம் மட்டும் இருக்கிறது. தாவரவியல் துறைக்கு நடக்கும்போது தரை கொஞ்சம் தாழ்ந்து, நான் கொஞ்சம் உயர்ந்து போவதாகத் தோன்றுகிறது. சத்தங்கள் தெளிவாகக் கேட்கின்றன. காய்ந்த வாகை நெற்று ஒன்று தரையில் உருள்வது வளையல் சத்தம் மாதிரி காதில் விழுந்தது.

துறையில் என் வேலை, பறித்து வந்த செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, தினமும் ஈரத்தாளை மாற்றுவது. நன்றாகக் காய்ந்த செடி கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அழுகாது, நாறாது, யாருக்கும் தொந்தரவு இல்லை. பேராசிரியர் சிவக்கொழுந்து, "சிந்துஜா கட்டுன கட்டுல ஒரு இலை மடங்கியிருக்காது" என்று மற்ற மாணவர்களிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினேன்.

சீப்பில் முடி நிறைய வருகிறது. விடுதித் தண்ணீர் உப்பு.

பிப்ரவரி 25, புதன்

அம்மா போன். எப்போதும் போல முதல் கேள்வி.

"சாப்ட்டயா சாமி?"

"ம்."

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். எருமை கன்று போட்டது, பெரியப்பா வீட்டுக் கிணறு, மாமாவின் மூட்டுவலி. நான் நோன்பும் வைப்பதைக் கேட்டு, "எல்லாச் சாமியும் ஒண்ணுதான் கண்ணு" என்றாள். குரலைத் தாழ்த்தி, அப்பா நேற்றும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதைச் சொன்னாள். ரசத்தில் புளி கூடிவிட்டதாம்.

எங்கள் வீட்டில் சண்டை எல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் நடக்கும். சின்ன வயதில் ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தேன். எனக்குப் போதும், பசியில்லை என்று முதலில் எழுந்துவிட்டால் அம்மாவின் கவனம் என் பக்கம் திரும்பும், அப்பாவின் குரல் இறங்கும். சிந்து தங்கமான புள்ள, ஒரு தொந்தரவு கிடையாது என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், எனக்குக் கோபமே வராது.

ஜுலைகா உள்தேர்வில் ஒரு தாளில் தோற்றுவிட்டு, நோன்பு திறந்தபின் அழுதுகொண்டே மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தாள். இவளுக்கு மனச்சோர்வு ஏதாவது இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

ஜுலைகாவுக்கு நேற்றிலிருந்து நோன்பு இல்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வைக்கக்கூடாதாம், விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாமாம். எனக்கு எதிரில் சாப்பிடக் கூச்சப்பட்டு, கதவு மறைவில் நின்று வாழைப்பழம் தின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒனக்கு எப்ப வரும்ட்டி? நீயும் அப்ப விட்டுறணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் நின்னு போச்சு. தீபாவளிக்கு முன்னாடியே. ஒரு செலவு மிச்சம்."

அவள் வாயில் பழம் அப்படியே நின்றது. விழுங்காமல் என்னைப் பார்த்தாள். நல்ல வேளையாக வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன விஷயத்துக்கு இப்படிப் பதறுகிறாள், இளகிய மனசு.

மார்ச் 1, ஞாயிறு

எழுந்திருக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இறக்கையின் ஓரத்தில் ஒட்டடை, சுற்றும்போது தெரியாது, மின்சாரம் போனால் தெரியும். எனக்குச் சோகமெல்லாம் இல்லை. சோகம் என்றால் ஜுலைகா மாதிரி அழ வேண்டும். இது வெறும் ஓய்வு. நான் இல்லாமல் போனாலும் இந்த விசிறி இப்படித்தான் சுற்றும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது.

மார்ச் 5, வியாழன்

அறையில் எறும்பு. சுவரோரமாகக் கோடு போட்ட மாதிரி போகிறது. ஊரிலிருந்து வந்த தன் அல்வாதான் காரணம் என்று ஜுலைகா தன்னையே திட்டிக்கொண்டாள். நான் துறைக்குக் கிளம்பியபோது துடைப்பத்தோடு குனிந்து அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். அது என் அலமாரிப் பக்கம்தான் போகிறது.

திரும்பி வந்தபோது எறும்பு இல்லை. அவளும் இல்லை. ஜன்னல் கொடியில் என் கைக்குட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. நான் துவைக்கவில்லை.

காலை வரை அது என் அலமாரியில், பேரீச்சம்பழங்களை முடிந்துவைத்த மூட்டையாக இருந்தது. முழுப் பழங்கள். அவள் துஆ ஓதக் கண்ணை மூடுகிற நேரம் அதிகம் இல்லை, ஆனால் போதும்.

சாயங்காலம் தூக்குவாளியோடு வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சுடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

இன்று எனக்குக் கோபம் வந்தது. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எனக்கே நம்பிக்கையில்லை.

பாங்கு சொல்லியாயிற்று. நான் பழத்தைக் கையில் எடுத்தேன். ஜுலைகா கண்ணை மூடவில்லை. அவள் கையிலும் பழம் இருக்கிறது, வாய்க்குப் போகவில்லை.

"நீ தொற. அப்பறம் நான் தொறக்கேன்."

"பாங்கு சொல்லிட்டாங்கல்ல. சாப்பிடு."

"ஒண்ணாத்தான வச்சோம்? ஒண்ணாத் தொறப்போம். வாயில போடு, மெல்லு, முழுங்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நேரமானதும் திறந்துவிட வேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். விடியலிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. உதடு வெடித்திருந்தது. ஜன்னலில் வெளிச்சம் ஊதாவாகிக் கருத்துக்கொண்டே போயிற்று. அவள் அசையவில்லை. எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. எல்லோரும் தட்டுக்கு முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது.

"இது என்ன மிரட்டலா?" என்று கத்தினேன். என் குரலை நானே கேட்டதில்லை. "நீ சாப்பிடாம கெடந்தா அது என் பாவமா? எனக்கு வேண்டாம்னா வேண்டாம். என்னை விடு!"

பழத்தை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி குடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேற ஒண்ணும் எறங்கல" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் சத்தம் வரவில்லை. ஜுலைகா சத்தமில்லாமல் அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கையில் ஊசி, அதனால் இடது கையில்.

நேற்று மத்தியானம் செய்தித்தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ஆவாரைக் கிளை, மஞ்சள் மாறாமல் காய்ந்திருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மஞ்சள் பெரிதாகிக்கொண்டே வந்தது, அறை முழுக்க மஞ்சள், இதமாக, வெதுவெதுப்பாக. சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. அப்புறம் தரை.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் நாடியை இரண்டு முறை எண்ணினார். இதயம் மெதுவாகத் துடிக்கிறதாம், ரத்தத்தில் உப்புகள் இறங்கியிருக்கின்றனவாம். "இப்படியே விட்டா ஒரு நாள் நின்னுடும்மா. பயமுறுத்தல, உள்ளதைச் சொல்றேன்" என்றார்.

"விரதம், டாக்டர். அதான்."

"எந்தச் சாமிக்கு?"

காலண்டரில் நேற்று என்ன போட்டிருந்தது என்று நினைவில் தேடினேன்.

தூக்கம் எப்படி, காலையில் எழப் பிடிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் கேட்டார். இல்லை, இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு விசிறியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணு, இல்ல? யாருக்கும் சிரமம் குடுக்காத பொண்ணு. இங்க வர்ற பாதிப் பேர் அப்படித்தான். சுபாவம் ஒரு பக்கம் இழுக்கும், சோர்வு ஒரு பக்கம் இழுக்கும், நடுவுல சோறு மாட்டிக்கும். ஒண்ணை மட்டும் சரி பண்ண முடியாது. மனநல டாக்டரையும் பாக்கணும். வீட்டுல பேசணும்."

வீட்டில் நானே பேசுகிறேன், மூணு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். மூணு நாளில் நீ பேசாவிட்டால் நான் பேசுவேன் என்றார்.

சாயங்காலம் ஜுலைகா வந்தாள். தூக்குவாளி இல்லை, வெறுங்கை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. பட்டினி கெடந்து ஒன்ன மடக்கிறலாம்னு பாத்தேன். மொதல்ல ஒன்னய நோன்பு வைக்க விட்டதே தப்பு. சந்தோசத்துல எனக்குக் கண்ணு தெரியல."

"நானாத்தான வெச்சேன்."

"நீ வச்சது நோன்பு இல்லட்டி. நோன்புன்னா தொறக்க ஒரு நேரம் இருக்கணும். பாங்கு சொன்னா முடிஞ்சிரணும். ஒனக்கு மட்டும் பாங்கே சொல்ல மாட்டேங்காவளே."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"சீக்காளிக்கு நோன்பு கடமை கிடையாது. அல்லாவே விட்டுருங்கான். நீ என்ன அவனுக்கு மேலயா?" என்றாள் என் முதுகிடம். கொஞ்சம் பொறுத்து, "எப்பவுமே வைக்க முடியாத சீக்காளி, அதுக்குப் பதிலா ஒரு ஏழைக்குச் சோறு போடணும்னு இருக்கு."

"நான் யாருக்குப் போடறது?"

"இப்பத்திக்கு ஒன்னவிட ஏழ எவ இருக்கா? ஒனக்கே போடு."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, தலையணை நனைந்தது. அவள் என் பாதங்களைப் போர்வைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 11, புதன்

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மருத்துவ மையத்திலிருந்து காலையில் அனுப்பிவிட்டார்கள். விழுந்த அன்று துறையில் விட்ட என் பையை எடுக்கப் போனேன். போன மாதம் கட்டிவைத்துவிட்டு நான் தாள் மாற்ற மறந்துபோன ஒரு சட்டத்தைச் சிவக்கொழுந்து சார் பிரித்து வைத்துக்கொண்டு முறைத்தார்.

"ரணகள்ளிய வெந்நீர்ல முக்காம வெச்சுட்டியாம்மா? சிந்துஜாவா இப்படி!"

சதைப்பற்றுள்ள செடியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கிக் கொன்றுவிட்டுத்தான் சட்டத்தில் வைக்க வேண்டும். மறந்திருக்கிறேன். இத்தனை நாள் இருட்டில், இறுக்கிக் கட்டிய கட்டுக்குள், தண்ணீர் இல்லாமல் கிடந்த அந்த இலை ஓரமெல்லாம் குட்டிக்குட்டியாகச் செடி விட்டிருந்தது. வெளிறிய செடிகள், செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டு வேர். சார் மன்னித்துவிட்டு, தூக்கிப் போடச் சொன்னார். எனக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எடுத்து வந்து ஜுலைகாவின் உடைந்த டீக்கோப்பையில் மண் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் அம்மா போன்.

"சாப்ட்டயா சாமி?"

வழக்கமான "ம்" நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்மா."

"ஏங் கண்ணு, மெஸ்ஸுல நல்லால்லயா?"

"இல்லீங்மா. நான் சாப்பிடறதே இல்லீங்மா. ரொம்ப நாளா. விரதமெல்லாம் பொய்."

அந்தப் பக்கம் எருமை கத்துவது கேட்டது. "நானு வாறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா நேற்று விடிகாலையிலேயே வந்துவிட்டாள். கைநிறையப் பலகாரத்தோடு வருவாள் என்று பயந்திருந்தேன். ஒன்றும் கொண்டுவரவில்லை. எடுக்கத் தோன்றவில்லையாம், கட்டின சேலையோடு பஸ் ஏறியிருக்கிறாள்.

நேற்றே மனநல மருத்துவரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், சாப்பாடும் ஒரு மருந்துதான், இரண்டையும் நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்றார். வாரா வாரம் போக வேண்டும். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது அம்மா, "எங்க சண்டையில நீ எந்திரிச்சுப் போறப்பெல்லாம் நானு நிம்மதியா இருந்தேன் கண்ணு. சண்டை நின்னுச்சேன்னு. புள்ள பசியோட போறாளேன்னு நெனைக்கல" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, பாசமும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

பிறை தெரிந்தால் நாளை நோன்புப் பெருநாள். மொட்டைமாடியில் ஜுலைகாவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நோன்பு இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டேன், எரிச்சலோடும் அழுகையோடும்தான். நேற்று அதுகூட முடியவில்லை. வயிறு நிறையும்போது ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஒரு பயம் எழுகிறது. மருத்துவரிடம் சொன்னேன். பயம் இருக்கட்டும், சோறும் இருக்கட்டும் என்றார்.

மழை வரும் போலிருந்தது. மலை பாதி கரைந்திருந்தது. பாங்கு கேட்டதும் ஜுலைகா ஒரு பழத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், இன்னொன்றை எனக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிறை தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். இவளுக்கு நடிக்கவே வராது.

பழம் இவ்வளவு இனிக்கும் என்று மறந்திருந்தேன். மெல்ல மெல்ல ஊறிக்கொண்டே இருந்தது. கொட்டையைத் துப்பி, அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், வழக்கம் போலச் சத்தமாக. நானே கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டேன்.

கீழே வந்ததும் அம்மா போன். ஊருக்குப் போனதிலிருந்து அவள் அந்த முதல் கேள்வியைக் கேட்பதில்லை. மழை வருமா என்கிறாள், கன்றுக்குட்டி துள்ளுகிறது என்கிறாள், டீக்கோப்பைச் செடி எப்படி இருக்கிறது என்கிறாள். வாய் வரை வந்து நிற்பது எனக்கு இங்கேயே தெரிகிறது.

"நீங்க கேக்கவே இல்லீங்ளேம்மா" என்றேன்.

"என்ன கண்ணு?"

"எப்பவும் கேப்பீங்ளே."

தயங்கித் தயங்கி வந்தது.

"சாப்ட்டயா சாமி?"

மாடியிலிருந்து கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணம் ஜன்னலோரத்தில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பாதிங்மா."

"சரி சாமி" என்றாள் அம்மா. "பாதி."